இழுப்பது வேறு, தாங்குவது வேறு: வாசகர் கேள்வி – பதில்

பிக்கப் வாங்குவது குறித்தும் அதன் பின்னால் கனமான டிரெய்லரைக் கட்டி இழுப்பது குறித்தும் அமெரிக்காவிலும் கனடாவிலும் வாழும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் ஐந்தை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டுள்ளோம். பிக்கப் சந்தையில் பவுண்டுக் கணக்கே பெரிதும் வழக்கில் இருப்பதால் அதையே பின்பற்றியிருக்கிறோம்; ஒன்டாரியோ வாசகரின் கேள்வியில் மட்டும் கிலோவும் வரும். 1,000 பவுண்டு என்பது ஏறத்தாழ 454 கிலோ. அரை டன், முக்கால் டன், ஒரு டன் என்பவை பிக்கப்களின் வகைப் பெயர்கள் மட்டுமே; வண்டி தாங்கும் எடையை அவை அப்படியே குறிப்பதில்லை.

கேள்வி: நாங்கள் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என நான்கு பேர். உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வசதியுள்ள, 30 அடி நீள டிராவல் டிரெய்லர் ஒன்றுக்கு முன்பணம் கொடுத்திருக்கிறோம். அதன் வெற்று எடை 6,800 பவுண்டு, முழு எடை வரம்பு 8,600 பவுண்டு. எங்களிடம் உள்ள அரை டன் பிக்கப் 11,000 பவுண்டு வரை இழுக்கும் என்று நிறுவனத்தின் விளக்கப் புத்தகம் சொல்கிறது. விற்பனையாளரும் "தாராளமாக இழுக்கும்" என்கிறார். இதற்குமேல் நாங்கள் பார்க்க வேண்டியது ஏதேனும் உண்டா? (டாலஸ் அருகிலிருந்து ஒரு வாசகர், டெக்சஸ்)

பதில்: விற்பனையாளர் பொய் சொல்லவில்லை. உங்கள் பிக்கப் அந்த டிரெய்லரை இழுத்துவிடும். ஆனால் அதை இழுத்துக்கொண்டு போகும்போது உங்கள் பிக்கப் தன் முதுகில் எவ்வளவு எடையைத் தாங்க வேண்டியிருக்கும் என்ற கேள்வியை அவரும் எழுப்பவில்லை, நீங்களும் எழுப்பவில்லை. அரை டன் பிக்கப்களில் பெரும்பாலும் இழுக்கும் திறன் தீர்வதற்கு வெகு முன்பே தாங்கும் திறன் தீர்ந்துவிடுகிறது.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, கதவு வந்து பொருந்தும் தூணைப் பாருங்கள். அங்கே டயர் காற்றழுத்தம் அச்சிட்ட, மஞ்சள் நிறம் கலந்த ஒட்டுத்தாள் ஒன்று இருக்கும். பயணிகளும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டவே கூடாது என்று அதில் எழுதியிருக்கும் எண்தான் உங்கள் வண்டியின் பேலோட். அது அந்த மாடலுக்குப் பொதுவாகச் சொன்ன எண் அன்று; உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் அந்த ஒரு வண்டிக்கு மட்டும் உரியது. கண்ணாடிக் கூரை, நான்கு சக்கர இயக்கம், மின்விசையில் நகரும் இருக்கைகள், பெரிய கேபின் என்று ஒவ்வொரு வசதி கூடும்போதும் இந்த எண் இறங்கும். ஒரே மாடலில் விலை உயர்ந்த வண்டி, விலை குறைந்த வண்டியைவிடச் சில நூறு பவுண்டு குறைவாகத் தாங்குவது சர்வ சாதாரணம். பணம் கூடுதலாகக் கொடுத்து பலத்தைக் குறைத்துக்கொள்ளும் விந்தை இந்தச் சந்தையில் நடக்கிறது.

உங்கள் ஒட்டுத்தாளின் எண்ணை நீங்கள் எழுதவில்லை. ஆகவே, அரை டன் வண்டிகளில் அடிக்கடி காணக்கூடிய அளவாக 1,560 பவுண்டு என்று வைத்துக் கணக்குப் போடுவோம். டிரெய்லரின் மொத்த எடையில் ஒரு பங்கு அதன் முன்முனை வழியாக உங்கள் கொக்கியின்மேல் இறங்கும். இதனை டங் வெயிட் என்பார்கள். கொக்கியில் மாட்டி இழுக்கும் டிரெய்லர்களுக்கு இது 10 முதல் 15 விழுக்காடு வரை இருக்க வேண்டும். நடுவில் 13 விழுக்காடு என்று கொண்டால், 8,600 பவுண்டுக்கு 1,118 பவுண்டு வருகிறது. எடையைப் பகிரும் ஹிட்ச் (டிரெய்லரைப் பிக்கப்புடன் இணைக்கும் கருவி) 90 பவுண்டு, நீங்கள் நால்வரும் சேர்ந்து 560 பவுண்டு. மூன்றையும் கூட்டினால் 1,768 பவுண்டு. பிக்கப்பின் பின்தொட்டியில் ஒரு மடக்கு நாற்காலிகூட ஏற்றாத நிலையிலேயே 208 பவுண்டு மிகுதி. 11,000 பவுண்டு இழுக்கும் என்ற எண்ணை நீங்கள் இன்னும் நெருங்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

வெற்று எடையாகிய 6,800 பவுண்டை வைத்துத்தானே கணக்குப் போட வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். வெற்று டிரெய்லரை யாரும் இழுத்துச் செல்வதில்லை. 40 கேலன் தண்ணீர் நிரப்பினாலே 330 பவுண்டுக்கு மேல் ஏறும். எரிவாயு உருளைகளும் பேட்டரியும் பெரும்பாலும் முன்முனையில்தான் உட்கார்ந்திருக்கும். அவற்றின் எடை கிட்டத்தட்ட முழுவதும் கொக்கிக்கே வரும். அதன்பின் படுக்கை விரிப்பு, பாத்திரம், அரிசி, நம்மவர்கள் விடாமல் எடுத்துச் செல்லும் டேபிள் டாப் கிரைண்டர் எல்லாம் ஏறும். முழு எடை வரம்பை வைத்துக் கணக்கிடுவதே ஏமாற்றம் தராத வழி.

எடையைப் பகிரும் ஹிட்ச் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வோரும் உண்டு. அது பின் அச்சில் குவியும் எடையின் ஒரு பகுதியை முன் அச்சுக்கும் டிரெய்லரின் அச்சுகளுக்கும் தள்ளிவிடும். முன் சக்கரங்கள் தரையை நன்றாகப் பற்றும். பல அரை டன் பிக்கப்களில் 5,000 பவுண்டுக்கு மேற்பட்ட டிரெய்லருக்கு அதைக் கட்டாயமாகவே கேட்கிறார்கள். ஆனால் அது ஒட்டுத்தாளில் உள்ள எண்ணை ஒரு பவுண்டுகூட உயர்த்தாது.

இதில் நானும் ஒருமுறை ஏமாந்தவன்தான். முதல் டிரெய்லர் வாங்கிய கோடையில், "தாராளமாக" என்ற அதே சொல்லை நம்பிக் கிளம்பி, நடுவழியில் லாரிகள் நிற்கும் எரிபொருள் நிலையத்தின் எடைமேடையில் வெறும் ஆர்வத்தால் ஏறிப் பார்த்தபோது, பின் அச்சு அதன் வரம்பைவிட 300 பவுண்டு கூடுதலாகத் தாங்கிக்கொண்டிருந்தது. வண்டியின் மூக்கு வானத்தைப் பார்த்திருந்ததும், எதிரே வந்தவர்கள் விளக்கை அடித்து அடித்துக் காட்டியதும் ஏன் என்பது அப்போதுதான் விளங்கியது.

ஆக, கணக்கைத் திருப்பிப் போடுங்கள். 1,560இல் ஆட்களுக்கு 560, ஹிட்சுக்கு 90 போக 910 பவுண்டு மிஞ்சுகிறது. அது 13 விழுக்காடாக அமைய வேண்டுமானால் டிரெய்லரின் முழு எடை வரம்பு 7,000 பவுண்டைத் தாண்டக் கூடாது. அந்த அளவில் வேறு டிரெய்லர் பாருங்கள். 30 அடிதான் வேண்டுமென்றால் முக்கால் டன் பெட்ரோல் பிக்கப்புக்கு மாறுங்கள். முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை இன்றே கேட்டுவிடுவது நல்லது.

கேள்வி: விளம்பரங்களில் வரும் இழுக்கும் திறன் எண்களை நம்பலாமா? ஒவ்வொரு நிறுவனமும் தன் வசதிக்கு ஓர் எண்ணைச் சொல்வது போலத் தோன்றுகிறது. ஆக்சில் ரேஷியோ 3.55, 3.73 என்றெல்லாம் சொல்கிறார்களே, அது அவ்வளவு முக்கியமா? (நியூ ஜெர்சி வாசகர்)

பதில்: ஒரு காலத்தில் நீங்கள் சொல்வது முழு உண்மை. இன்று நிலைமை மாறியிருக்கிறது. வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ, ஜே2807 என்ற பொதுச் சோதனை முறையை வகுத்தது. டொயோட்டா 2011 மாடல்களிலேயே அதை ஏற்றது. மற்றப் பெரிய நிறுவனங்கள் அடுத்த சில ஆண்டுகளில் பின்தொடர்ந்தன.

அந்தச் சோதனையின் மையம் அரிசோனாவில் உள்ள ஒரு மலைச்சாலை. கொலராடோ ஆற்றின் குறுக்கேயுள்ள டேவிஸ் அணைக்கு அருகில் தொடங்கி, மாநிலச் சாலை 68 வழியாக 11.4 மைல் ஏறும் பாதை அது. வெளியே வெப்பம் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையக் கூடாது, ஏசி முழு வேகத்தில் ஓட வேண்டும், விளம்பரத்தில் சொல்லப்போகும் எடை பின்னால் இருக்க வேண்டும். இந்த நிலையில் பின்புறம் ஒற்றைச் சக்கரம் கொண்ட பிக்கப் எங்கேயும் மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்காமல் உச்சியை அடைய வேண்டும். இரட்டைச் சக்கர வண்டிக்கு 35 மைல். இன்ஜின் கொதிக்கக் கூடாது, எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியக் கூடாது. இவை தவிர, 12 விழுக்காடு சரிவில் நின்ற இடத்திலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து முறை முன்னோக்கியும் ஐந்து முறை பின்னோக்கியும் கிளம்பிக் காட்ட வேண்டும்.

எனவே எண் பொய்யன்று. ஆனால் அந்தச் சோதனையில் வண்டிக்குள் இருப்பதாகக் கொள்வது தலா 150 பவுண்டு எடையுள்ள இருவரை மட்டுமே. பிள்ளைகள் இல்லை, மாமியார் இல்லை, பின்தொட்டியில் சைக்கிள் இல்லை. நீங்கள் ஏற்றும் ஒவ்வொரு பவுண்டும் அந்த எண்ணிலிருந்து கழியும். மேலும், விளம்பரத்தில் வரும் உச்ச எண் குறிப்பிட்ட ஓர் இன்ஜின், குறிப்பிட்ட ஓர் ஆக்சில், இழுவைக்கான கூடுதல் தொகுப்பு எல்லாம் சேர்ந்த ஒரே ஒரு சேர்க்கைக்கு உரியது. விற்பனைக்கூடத்தில் நிற்கும் வண்டி அந்தச் சேர்க்கையாக இருப்பது அபூர்வம்.

ஆக்சில் ரேஷியோவைப் பொறுத்தவரை, 3.73 என்றால் சக்கரம் ஒருமுறை சுற்ற, இன்ஜினின் விசையை அச்சுக்குக் கொண்டுபோகும் தண்டான டிரைவ் ஷாஃப்ட் 3.73 முறை சுற்றுகிறது என்று பொருள். எண் கூடக் கூட இழுவை எளிதாகும், எரிபொருள் சற்றுக் கூடுதலாகக் குடிக்கும். பத்து கியர்கள் வந்துவிட்ட இந்நாளில் இதன் வித்தியாசம் ஓட்டும்போது முன்போல உறைப்பதில்லை. இருந்தாலும், அனுமதிக்கப்பட்ட எடை ரேஷியோவுக்கு ஏற்ப ஆயிரம் பவுண்டுக்கு மேல்கூட மாறலாம் என்பதால், பழைய வண்டி வாங்குவோர் இதைக் கேட்காமல் வாங்கக் கூடாது.

கேள்வி: நிலத்தோற்ற வேலைகளும் சிறு கட்டுமான வேலைகளும் செய்யும் தொழில் நடத்துகிறேன். மூன்றரை டன் வகை மினி எக்ஸ்கவேட்டர் (மண் தோண்டும் சிறு இயந்திரம்) வாங்கவிருக்கிறேன். பக்கெட்டுகளுடன் அதன் எடை 3,600 கிலோ. ஏற்றிச் செல்லும் டிரெய்லரின் எடை 1,250 கிலோ. என்னுடன் இரண்டு வேலையாட்கள் வருவார்கள். கருவிகள் 250 கிலோ. டீசல் பிக்கப்தான் வாங்க வேண்டும் என்று நண்பர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். வேலை பெரும்பாலும் டொரன்டோவைச் சுற்றித்தான். (பிராம்ப்டன் வாசகர், ஒன்டாரியோ)

பதில்: வண்டியைப் பற்றிப் பேசுவதற்கு முன் உங்கள் பணப்பையில் உள்ள ஓட்டுநர் உரிமத்தை எடுத்துப் பாருங்கள். இயந்திரமும் டிரெய்லரும் சேர்ந்து 4,850 கிலோ. ஒன்டாரியோவில் சாதாரண ஜி உரிமத்துடன் இழுக்கக்கூடிய டிரெய்லரின் எடை 4,600 கிலோவைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் ஏ வகுப்பு உரிமம் வேண்டும். ஏர் பிரேக் இல்லாத ஒற்றை டிரெய்லருக்கு மட்டும் அனுமதி தரும், கட்டுப்பாட்டுடன் கூடிய ஏ வகுப்பு ஒன்று உண்டு. உங்களுக்கு அது போதும். உரிமம் எடுக்க மனமில்லை என்றால், 3,300 கிலோவுக்குள் உள்ள இயந்திரத்தையோ எடை குறைந்த டிரெய்லரையோ தேடுங்கள். தொழிலுக்கான வண்டி என்பதால், பிக்கப்பும் டிரெய்லரும் சேர்ந்து 4,500 கிலோவைத் தாண்டும்போது வணிக வாகனம் இயக்குவோருக்கான சிவிஓஆர் பதிவும் ஆண்டுப் பாதுகாப்புச் சோதனையும் தேவைப்படும். அபராதச் சீட்டு வந்த பிறகு இவற்றைத் தெரிந்துகொள்வோர் நம்மவர்களில் அதிகம்.

இப்போது டீசலுக்கு வருவோம். உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி சரி. டீசல் இன்ஜினின் டார்க், அதாவது சுழற்றும் விசை, மிகுதி. கனத்தை இழுத்தாலும் அலட்டிக்கொள்ளாது. இறக்கத்தில், புகை வெளியேறும் வழியைக் குறுக்கி இன்ஜினைக் கொண்டே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் வண்டியைப் பிடித்துவைக்கும். கால் பிரேக் சூடேறாது. உயரமான மலைப்பகுதிகளில் டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் செலுத்தும் கருவி) இல்லாத பெட்ரோல் இன்ஜின் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் ஏறக்குறைய 3 விழுக்காடு சக்தியை இழக்கும். கொலராடோவில் 11,158 அடி உயரத்திலுள்ள ஐசன்ஹவர் சுரங்கப்பாதைக்கு அது வந்து சேரும்போது மூன்றில் ஒரு பங்கு சக்தி போயிருக்கும். டர்போ உள்ள டீசல் இந்த இழப்பின் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும்.

ஆனால் பிராம்ப்டனில் மலை ஏது? உங்கள் வேலை டொரன்டோவைச் சுற்றி. காலையில் அரைமணி நேரம், மாலையில் அரைமணி நேரம் ஓடும் டீசல் வண்டியில், புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளப் போதிய சூடு கிடைக்காமல் அடைபடும். ஜனவரி இரவுகளில் இன்ஜினுக்கு ஹீட்டர் சொருகி வைக்க வேண்டும். புகையின் நச்சைக் குறைக்கும் டெஃப் திரவம் தனியே ஊற்ற வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, வாங்கும்போதே அமெரிக்க விலையில் சுமார் 10,000 டாலர் கூடுதல்.

பலரும் கவனிக்காத இன்னொன்றும் இருக்கிறது. டீசல் இன்ஜின் பெட்ரோல் இன்ஜினைவிடப் பல நூறு பவுண்டு கனமானது. முக்கால் டன் பிக்கப்கள் பலவற்றில், வண்டியும் அது தாங்கும் சுமையும் சேர்ந்த மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டில் நிறுத்தப்பட்டிருப்பதால், இன்ஜினின் மிகுதி எடை அப்படியே உங்கள் பேலோடிலிருந்து வெட்டப்படுகிறது. நான்கு கதவு, நான்கு சக்கர இயக்கம் கொண்ட முக்கால் டன் டீசலில் பேலோட் 2,200 பவுண்டை ஒட்டி நிற்பதைக் காணலாம். அதே வண்டி பெட்ரோல் இன்ஜினுடன் வந்தால் 3,000 பவுண்டை ஒட்டியிருக்கும். உங்கள் கணக்கைப் பாருங்கள்: கொக்கியில் 13 விழுக்காடு என்றால் 630 கிலோ, நீங்கள் மூவர் 270 கிலோ, கருவிகள் 250 கிலோ, ஆக 1,150 கிலோ. அதாவது 2,535 பவுண்டு. முக்கால் டன் டீசல் தாங்காத எடையை முக்கால் டன் பெட்ரோல் தாங்குகிறது. இதை உங்கள் நண்பர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். கதவுத் தூணில் உள்ள ஒட்டுத்தாளைக் காட்டுங்கள்.

டீசலில்தான் மனம் நிற்கிறது என்றால், முக்கால் டன்னில் நிற்காமல் ஒரு டன் வகைக்கே போய்விடுங்கள். வாங்கும் விலையில் இரண்டுக்கும் வித்தியாசம் அவ்வளவு பெரிதன்று. எதை வாங்கினாலும், கொக்கியைச் செருகும் சட்டமான ஹிட்ச் ரிசீவரில் ஒட்டியுள்ள எடை வரம்பையும், கொக்கிக் குண்டில் பொறித்துள்ள எண்ணையும் பாருங்கள். இந்த எடைக்கு 2 அங்குலக் குண்டு உதவாது. 2 அங்குலமும் 5/16உம் உள்ள பெரிய குண்டே வேண்டும். பிக்கப் 14,000 பவுண்டு இழுக்கும், குண்டு 8,000 தாங்கும் என்றால், உங்கள் வரம்பு 8,000தான்.

கேள்வி: மின்சாரப் பிக்கப்கள் கனமான டிரெய்லரை இழுக்குமா? (ஃபிரீமான்ட் வாசகர், கலிஃபோர்னியா)

பதில்: இழுப்பதில் குறையே இல்லை. ரிவியன் ஆர்1டி, டெஸ்லா சைபர்டிரக் இரண்டுமே 11,000 பவுண்டு வரை இழுக்கும் என்று அறிவிக்கப்பட்டவை. ஏற்றத்தில் அவை கிளம்பும் விதம் டீசல்காரர்களையும் திரும்பிப் பார்க்க வைக்கும். குறை தூரத்தில் இருக்கிறது. உயரமான, பெட்டி வடிவ டிரெய்லரைக் கட்டினால் காற்றின் எதிர்ப்பால் ஒரு சார்ஜில் ஓடும் தூரம் ஏறத்தாழப் பாதியாகும். போதாக்குறைக்கு, பெரும்பாலான சார்ஜிங் நிலையங்கள் கார் நிறுத்தும் கட்டங்கள் போல அமைந்திருப்பதால், டிரெய்லரைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். படகை ஏரிக்குக் கொண்டுபோய்த் திரும்பும் ஐம்பது மைல் பயணத்துக்கு மின்சாரம் நல்ல தேர்வு. பிள்ளைகளுடன் நாட்டைக் குறுக்கே கடக்கும் பயணத்துக்கு இப்போதைக்கு வேண்டாம்.

கேள்வி: பழைய கார் ஒன்றை வாங்கி டிரெய்லரில் ஏற்றி வந்தேன். இறக்குவதற்கு எளிதாக இருக்கட்டும் என்று காரை ரிவர்ஸில் ஏற்றினேன். 60 மைல் வேகத்தில் ஒரு பெரிய லாரி என்னைத் தாண்டியதும் டிரெய்லர் பாம்பு போல நெளியத் தொடங்கியது. பிரேக்கை மிதித்ததும் நிலைமை இன்னும் மோசமானது. எப்படியோ தப்பினேன். இதைவிடப் பெரிய பிக்கப் வாங்கினால் இந்தத் தொல்லை தீருமா? (வட கரோலினா வாசகர்)

பதில்: பிக்கப்பில் குற்றமில்லை. ஊரில் மாட்டுவண்டியில் நெல் மூட்டை ஏற்றுபவரைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அவர் மூட்டைகளை அடுக்கிவிட்டு, நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலே எழும்பி, வண்டி குடைசாயப் பார்க்கும். நீங்கள் ஏற்றியது பின்பாரம். காரின் எடையில் பெரும்பகுதி இன்ஜின் இருக்கும் முன்புறத்தில் உள்ளது. ரிவர்ஸில் ஏற்றியதால் அந்த எடை முழுவதும் டிரெய்லரின் வாலில் போய் உட்கார்ந்துவிட்டது. காரும் டிரெய்லரும் சேர்ந்து 6,000 பவுண்டு என்றால் கொக்கியில் குறைந்தது 600 பவுண்டு இறங்கியிருக்க வேண்டும். உங்களுக்கு அதில் பாதிகூட இறங்கியிருக்காது. இந்த நிலையில், லாரி தள்ளிவிடும் காற்று போதும், வால் ஆடத் தொடங்க.

அப்படி ஆடும்போது கால் பிரேக்கை அழுத்தினால் பிக்கப் வேகம் குறைய, பின்னால் வரும் எடை அதை முட்டித் தள்ளும், ஆட்டம் கூடும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, பிரேக் கன்ட்ரோலரில் (ஓட்டுநர் இருக்கையிலிருந்தே டிரெய்லரின் பிரேக்கை இயக்கும் கருவி) உள்ள கைவிசையைத் தள்ளி டிரெய்லரின் பிரேக்கை மட்டும் பிடிக்க வேண்டும். டிரெய்லர் பின்னுக்கு இழுபட, இரண்டும் ஒரே கோட்டுக்கு வரும். அந்தக் கைவிசை எங்கே இருக்கிறது என்று கண்ணால் தேடாமல் கை போக வேண்டும் என்பதால், காலியான வாகன நிறுத்தத்தில் 20 மைல் வேகத்தில் சில முறை பழகிப் பாருங்கள். தள்ளும்போது டிரெய்லர் சக்கரம் சறுக்கி நின்றால், பிரேக் எவ்வளவு வலுவாகப் பிடிக்க வேண்டும் என்று கன்ட்ரோலரில் வைக்கும் கெயின் அளவைக் குறையுங்கள். பிடித்ததே தெரியவில்லை என்றால் கூட்டுங்கள். உங்கள் பிக்கப்பில் கன்ட்ரோலரே இல்லை என்றால், புது வண்டிக்குப் பணம் சேர்ப்பதற்கு முன் அதை வாங்கிப் பொருத்துங்கள்.

அடுத்த முறை காரை முன்பக்கம் முன்னால் இருக்கும்படி ஏற்றி, நெடுஞ்சாலையில் லாரிகளுக்கான எடைமேடை உள்ள நிலையத்துக்குப் போங்கள். கட்டணம் சொற்பம். முதலில் டிரெய்லரைக் கழற்றிவிட்டு, ஆட்களும் சாமானும் உள்ள பிக்கப்பை மட்டும் எடை போடுங்கள். பிறகு டிரெய்லரை மாட்டிக்கொண்டு, எடையைப் பகிரும் கம்பிகள் இருந்தால் அவற்றை இறுக்காமல், பிக்கப்பின் இரண்டு அச்சுகளும் டிரெய்லரின் அச்சுகளும் தனித்தனிப் பலகைகளில் நிற்கும்படி ஏறுங்கள். இரண்டாம் சீட்டில் பிக்கப்பின் அச்சுகளில் ஏறியிருக்கும் மிகுதியே உங்கள் உண்மையான டங் வெயிட். அது 10 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால் காரை ஓர் அடி முன்னால் நகர்த்தி மறுபடியும் எடை போடுங்கள். சரியாக அமைந்த இடத்தில் டிரெய்லர் தளத்தின்மேல் பெயின்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள். அடுத்து அதே அளவுள்ள காரை ஏற்றும்போது முன் டயரை அந்தக் கோட்டில் கொண்டுவந்து நிறுத்தினால் போதும்.